முதல் வெட்சூட் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஸ்கூபா பயிற்சியை முடித்தாயிற்று. வாடகை உடுப்பில் சில டைவ்களும் போயாயிற்று. இனி சொந்தமாக ஒரு வெட்சூட், அதாவது தண்ணீருக்குள் உடம்புச் சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடுப்பு, வாங்கலாம் என்று தோன்றும்போது வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். நீளமான பக்கம்தான். அவசரமாக இருப்பவர்கள் அளவைப் பற்றிய பதிலை மட்டுமாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

தண்ணீர் வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது, வெட்சூட் எதற்கு?

இறங்கியதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். நாற்பதாவது நிமிடத்தில் அப்படி இருக்காது. தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 27 டிகிரி செல்சியஸ் காற்றில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். அதே 27 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்தால் உடம்பு நடுங்கத் தொடங்கிவிடும். அன்றைக்கே இரண்டாவது டைவ் போனால் இன்னும் சீக்கிரம் குளிரும். முதல் டைவில் இழந்த சூடு முழுதாகத் திரும்பியிருக்காது.

குளிர் வெறும் அசௌகரியம் மட்டுமில்லை. குளிர்ந்த உடம்பு அதிகக் காற்றைச் செலவழிக்கும். விரல்கள் மரத்துப்போய் ஒரு கொக்கியை மாட்டவே தடுமாறுவோம். மிச்சக் காற்றைக் காட்டும் கேஜைப் பார்த்த பிறகும் எண் மனதில் பதியாது. மேலே ஏறும்போது குளிர்ந்திருந்தால் தோலுக்கும் கைகால்களுக்கும் ரத்த ஓட்டம் குறைந்து, உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறுவதும் மெதுவாகும். இதோடு வெயில், ஜெல்லிமீன், பவளப்பாறைக் கீறல் எல்லாவற்றிலிருந்தும் உடுப்பு காக்கும்.

உள்ளே புகும் தண்ணீர் சூடாகி, அதுதான் நம்மைக் காக்கிறது என்கிறார்களே?

பாதிதான் சரி. உண்மையில் காப்பது உடுப்பின் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் வாயுக் குமிழிகள். நியோப்ரீன் என்பது 1930-களின் தொடக்கத்தில் டூபாண்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த செயற்கை ரப்பர். அதை நுரையாக்கி, ஒன்றோடொன்று இணையாத லட்சக்கணக்கான நுண்குமிழிகளை உள்ளே அடைத்தால் வெட்சூட் துணி கிடைக்கும். வாயு வெப்பத்தை எளிதில் கடத்தாது.

1950-களின் தொடக்கத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னர் இதைத்தான் கண்டுகொண்டார். அதுவரை, உடம்பு நனையாமல் இருந்தால்தான் சூடு நிற்கும் என்று நினைத்தார்கள். துணிக்குள்ளேயே வாயு இருந்துவிட்டால் உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை என்றார் அவர். வெட்சூட் பிறந்தது அங்கேதான்.

அப்படியானால் உள்ளே புகும் தண்ணீரின் பங்கு என்ன? அது கொஞ்சமாக இருக்க வேண்டும், புகுந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அந்த மெல்லிய படலத்தை உடம்பு ஒருமுறை சூடாக்கிவிட்டால் போதும். ஒவ்வொரு அசைவிலும் அது வெளியேறிப் புதுத் தண்ணீர் வந்தால், கடலையே சூடாக்குகிற வேலையை உடம்பின் தலையில் கட்டியதாகிவிடும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கீழே வரும் பாதிப் பதில்களை நீங்களே ஊகித்துவிடலாம்.

எத்தனை மில்லிமீட்டர் தடிமன் வாங்க வேண்டும்?

பொதுவான கணக்கு இது. தண்ணீர் 28 டிகிரிக்கு மேல் என்றால் ராஷ் கார்டு என்கிற மெல்லிய நீச்சல் சட்டையோ, 1 முதல் 2 மி.மீ. உடுப்போ போதும். 24 முதல் 28 வரை 3 மி.மீ. முழு உடுப்பு. 20 முதல் 24 வரை 5 மி.மீ. அதற்குக் கீழே 15 டிகிரி வரை 7 மி.மீ.யும் தலைக்கு ஹூடும் வேண்டும். அதற்கும் கீழே போனால் டிரைசூட், அதாவது உடம்பே நனையாத உடுப்பு, பற்றி யோசிக்க ஆரம்பிக்கலாம். டிரைசூட்டுக்குத் தனிப் பயிற்சி தேவை, முதல் உடுப்பாக அதை வாங்க நான் சொல்ல மாட்டேன்.

இந்தக் கணக்கில் இரண்டு திருத்தங்கள் உண்டு. முதலாவது, எந்த வெப்பநிலை என்பது. மேற்பரப்பில் 27 டிகிரி இருக்கும். 15 மீட்டரில் ஒரு குளிர் அடுக்கு திடீரென்று முகத்தில் அறையும், அதற்குக் கீழே 22 டிகிரிதான் இருக்கும். வெப்பச் சரிவு அடுக்கு என்பது இதுதான். நீங்கள் டைவ் போகும் இடத்தில், அந்த மாதத்தில், அடியில் எத்தனை டிகிரி என்று கேளுங்கள். டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் பதியும் கைக்கருவி) வைத்திருக்கும் யாரிடமும் அந்தப் பதிவு இருக்கும்.

இரண்டாவது, நீங்கள். ஒல்லியானவர், நிதானமாக நீந்துபவர், கேமராவை வைத்துக்கொண்டு ஒரே பாறைமுன் இருபது நிமிடம் நிற்பவர், ஒரு நாளைக்கு மூன்று டைவ் போகிறவர், இவர்களெல்லாம் ஒரு படி தடிமனாகவே வாங்கலாம். எல்லாக் கடலுக்கும் ஒரே உடுப்பு என்று தேடாதீர்கள். பத்தில் எட்டு டைவ் எங்கே போவீர்களோ அதற்கு வாங்குங்கள், மீதி இரண்டுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

3/2, 5/4 என்று போட்டிருக்கிறதே?

முதல் எண் மார்பு, முதுகுப் பகுதியின் தடிமன். இரண்டாவது கை கால்களுடையது. நடுவுடலுக்குச் சூடு, மூட்டுகளுக்கு வளைவு. அவ்வளவுதான்.

அதே உடுப்பு ஆழத்தில் மெல்லியதாகிவிடுமா?

ஆகும். பலர் இதை யோசிப்பதே இல்லை. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. குமிழிகள் அதற்கேற்பச் சுருங்கும், 30 மீட்டரில் கால் பங்குதான் மிஞ்சும். ரப்பர் சுருங்காது என்பதால் உடுப்பே கால் பங்காகிவிடாது. ஆனாலும் கையால் அழுத்திப் பார்த்தாலே தெரிகிற அளவுக்குத் தட்டையாகும். மேலே 5 மி.மீ.யாக இருந்த உடுப்பு கீழே மெல்லிய உடுப்பின் சூட்டைத்தான் தரும்.

இதோடு மிதப்பும் போகும். மிதக்க வைத்ததும் அதே குமிழிகள்தானே? அதனால்தான் இறங்க இறங்க பிசிடியில் (மிதப்பைச் சரிசெய்யக் காற்று நிரப்பும் மேல்சட்டை) கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று சேர்க்கிறோம். ஏறும்போது எல்லாம் தலைகீழாக நடக்கும். உடுப்பு விரியும், பிசிடியில் இருக்கும் காற்றும் விரியும், இரண்டும் சேர்ந்து உங்களை மேலே இழுக்கும். தடிமனான உடுப்பில் முதல்முறை போகும்போது, கடைசி 10 மீட்டரில் காற்றை வெளியேற்றும் பட்டனிலேயே கை இருக்கட்டும்.

சரியான அளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தடிமனைவிட, பிராண்டைவிட இதுதான் முக்கியம். தளர்ந்த 7 மி.மீ. உடுப்பைவிடக் கச்சிதமான 5 மி.மீ. உடுப்பு சூடாக இருக்கும்.

என் முதல் உடுப்பை நான் ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். கடையில் போட்டுப் பார்த்தபோது சரியான அளவு இறுக்கமாகத் தோன்றியது, பெரியது சுகமாக இருந்தது. விற்றவரும் தண்ணீரில் சரியாகிவிடும் என்றார். முதல் டைவில், ஏதோ மீனைப் பார்க்கத் தலையை இடப்பக்கம் திருப்பினேன். கழுத்தின் பின்னாலிருந்து ஒரு குளிர்ந்த கோடு முதுகுத்தண்டு வழியே இடுப்புவரை இறங்கியது. திரும்ப நேராக்கினேன், இன்னொரு கோடு. இருபத்தைந்து நிமிடத்தில் மேலே வரச் சைகை காட்டிவிட்டேன். அந்த உடுப்பின் முதுகுக் குழியில், இடுப்புக்குச் சற்று மேலே, என் உள்ளங்கை தாராளமாக நுழையும். அதைக் கடையிலேயே தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கத் தெரியவில்லை.

அதனால் போட்டுப் பார்க்கும்போது இந்த இடங்களைத் தொட்டுப் பாருங்கள். முதுகுக் குழி, அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து. எங்கேயும் காற்றுப் பை இருக்கக் கூடாது, துணியைக் கிள்ளினால் கொத்தாக வரக் கூடாது. அப்புறம் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள். தொடை இடுக்கிலும் தோளிலும் வலுவாக இழுத்தால் உடல் நீளம் போதவில்லை. குந்தி உட்கார்ந்து எழுந்திருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சிலிண்டர் வால்வைத் தொடுவதுபோல ஒரு கையை நீட்டுங்கள். கடைசியாக நெஞ்சு நிறைய ஐந்து முறை மூச்சு இழுத்து விடுங்கள். மூச்சு பாதியில் முட்டினால் அந்த உடுப்பு வேண்டாம்.

சரியான உடுப்பு தரையில் சற்று இறுக்கமாகவே இருக்கும். யாரோ உடம்பு முழுக்க அணைத்துப் பிடித்த மாதிரி. தண்ணீரில் அது கொஞ்சம் இளகும், போகப்போக இன்னும் இளகும். தரையில் சுகமாக இருப்பது தண்ணீரில் தளர்ந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் எம் அளவு இன்னொரு நிறுவனத்தில் எல் ஆக இருக்கும். சட்டை அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். உயரமும் ஒல்லியும் சேர்ந்தவர்களுக்கு, குட்டையும் பருமனும் சேர்ந்தவர்களுக்குத் தனி அளவுகளைச் சில நிறுவனங்கள் தைக்கின்றன. ஆண்களின் உடுப்பில் சிறியதைத் தேடிப் போட்டுக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். இடுப்பிலும் முதுகுக் குழியிலும் நிச்சயம் தண்ணீர் தேங்கும். பெண்களுக்கென்று வெட்டிய உடுப்பையே கேளுங்கள். எதுவுமே பொருந்தவில்லை என்றால் அளவெடுத்துத் தைத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள்.

கழுத்து இறுக்குகிறது. பழகிவிடுமா?

லேசான இறுக்கம் பழகிவிடும். தலை சுற்றுவது, கண் இருட்டுவது, முகம் கனப்பது போன்றவை பழக வேண்டிய விஷயங்கள் இல்லை. கழுத்தின் இரு பக்கமும் இருக்கும் பெரிய ரத்தக்குழாய்களில் அழுத்தத்தை உணரும் இடம் உண்டு. அங்கே தொடர்ந்து அழுந்தினால் ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாக உடம்பு நினைத்து, இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். தண்ணீருக்குள் மயக்கம் வந்தால் உயிருக்கே ஆபத்து. கழுத்து மட்டும் பொருந்தவில்லை என்றால் வேறு வெட்டில் உள்ள உடுப்பைப் பாருங்கள்.

போடுவதற்குள் வியர்த்துவிடுகிறது. எளிய வழி உண்டா?

காலில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு உடுப்புக்குள் விடுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். கைக்கும் அதே பை. முதலில் உடுப்பை இடுப்புவரை வெளிப்பக்கமாக மடித்து இறக்கிவிட்டு, கணுக்கால், முழங்கால், தொடை என்று ஒவ்வோர் இடமாகச் சரிசெய்துகொண்டே ஏறுங்கள். தொடை இடுக்கு முழுதாக ஏறாமல் தோளை இழுத்தால் எவ்வளவு இழுத்தாலும் பத்தாது, பலர் சிரமப்படுவது இதனால்தான்.

நகத்தால் மட்டும் இழுக்காதீர்கள். புது நியோப்ரீனில் நகம் பட்டால் பிறை வடிவத்தில் ஒரு சின்ன வெட்டு விழும். முதலில் கண்ணுக்கே தெரியாது. நாலு டைவ் கழித்து அதே இடம் வாயைத் திறக்கும். விரல் நுனியின் சதைப் பகுதியால், துணியைக் கொத்தாகப் பிடித்து நகர்த்துங்கள்.

முழு உடுப்பா, ஷார்ட்டியா, இரண்டு துண்டா?

முதல் உடுப்பு என்றால் முழு உடுப்பு. ஷார்ட்டி, அதாவது அரைக்கை அரைக்கால் உடுப்பு, நல்ல வெதுவெதுப்பான தண்ணீருக்குத்தான் ஆகும். பின்னால் வாங்கினால் முழு உடுப்பின் மேலேயே போட்டுக்கொள்ளலாம், நடுவுடலில் தடிமன் கூடிவிடும். மேல்சட்டையும் தோள்பட்டி வைத்த கால்சட்டையுமாக வரும் இரண்டு துண்டு உடுப்பு மார்பில் இரட்டை அடுக்காகிறது, நல்ல சூடு. ஆனால் கனம் அதிகம், மிதப்பைச் சமன்செய்யக் கட்டிக்கொள்ளும் எடைக்கட்டியும் அதிகம் தேவைப்படும்.

செமி-டிரை என்று ஒன்று உண்டு. கழுத்து, மணிக்கட்டு, கணுக்காலில் கூடுதல் மடிப்பு வைத்துத் தண்ணீர் புகுவதைக் குறைத்திருப்பார்கள். பெயரில் டிரை இருந்தாலும் அது வெட்சூட்தான், உடம்பு நனையும்.

ஜிப் முன்னாலா, பின்னாலா?

பின்னால் இருந்தால் நீண்ட நாடாவை இழுத்து நாமே பூட்டலாம், போடவும் எளிது. ஆனால் முதுகுத்தண்டு நெடுக ஒரு விறைப்பு இருக்கும், தண்ணீர் கசியவும் வாய்ப்புண்டு. முன்னால் இருந்தால் படகில் அடுத்த டைவுக்குக் காத்திருக்கும்போது கழுத்தைத் திறந்துவிட்டு ஆசுவாசமாக இருக்கலாம். எதுவானாலும் ஜிப்புக்குப் பின்னால் ஒரு நியோப்ரீன் மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

தையலைப் பற்றி என்ன பார்க்க வேண்டும்?

உடுப்பை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, ஒரு தையலை இரு கையாலும் லேசாக இழுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசித் துளைகள் வழியாக வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அது துணியை முழுக்கத் துளைத்துத் தைத்த தட்டைத் தையல். தோலை உறுத்தாது, வெதுவெதுப்பான தண்ணீருக்குப் போதும். ஆனால் ஒவ்வொரு துளையும் தண்ணீர் நுழையும் வாசல். 5 மி.மீ. முதல், விளிம்புகளைப் பசையால் ஒட்டிப் பாதி ஆழம் மட்டும் ஊசி போகும்படி தைத்ததைத் தேடுங்கள். உள்பக்கத்தில் திரவ ரப்பர் பட்டையும் ஓடினால் இன்னும் நல்லது.

என்னிடம் சர்ஃபிங் வெட்சூட் இருக்கிறது. போதாதா?

ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான தண்ணீரில் சில டைவ்களுக்குச் சமாளிக்கலாம். அலைச்சறுக்கு உடுப்பு மேற்பரப்பில் கை வீசுவதற்காகச் செய்தது. நுரை மிருது, நன்றாக இழுபடும், ஆழத்தில் சீக்கிரம் நசுங்கிவிடும். டைவிங் உடுப்பின் நுரை அடர்த்தி கூடியது, இருபுறமும் நைலான் துணி ஒட்டியிருக்கும், முழங்காலில் தேய்மானத்துக்குப் பட்டை வைத்திருப்பார்கள்.

மூச்சடக்கி மூழ்குபவர்களின் உடுப்பு வேறு. உள்பக்கம் துணியே இல்லாமல் ரப்பர் நேராகத் தோலில் ஒட்டும். அபாரமான சூடு. ஆனால் சோப்புத் தண்ணீர் ஊற்றி வழுக்கவிட்டால்தான் ஏறும், நகம் பட்டாலே கிழியும். முதல் உடுப்பாக வேண்டாம்.

ஹூட், கையுறை, பூட்டி எல்லாம் சேர்த்தே வாங்கணுமா?

பூட்டி, அதாவது நியோப்ரீன் காலணி, முதலில். காலில் மாட்டும் துடுப்பு திறந்த குதிகால் வகையாக இருந்தால் எப்படியும் தேவை. அடுத்து, ஹூட் வைத்த கையில்லாத உள்சட்டை. 3 மி.மீ. உடுப்புக்குள் இதைப் போட்டால் இரண்டு மூன்று டிகிரி குறைந்த தண்ணீருக்கும் அதே உடுப்பு தாங்கும். இருக்கும் உடுப்பை நீட்டிக்க இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது.

ஹூட் காதை இறுக அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு காது வலிக்கும். இறங்குவதற்கு முன் ஓரத்தைத் தூக்கிக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விடுங்கள். கையுறையைக் குளிருக்கு மட்டும் போடுங்கள். கையுறை இருந்தால் பவளத்தைத் தொடத் தோன்றும் என்பதால் சில கடல் பூங்காக்களில் அதற்குத் தடையே உண்டு.

புது உடுப்புக்கு எத்தனை எடைக்கட்டி?

யாராவது உடனே ஓர் எண்ணைச் சொன்னால் அதைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நின்றால் தரை எட்டாத அமைதியான தண்ணீரில், முழு உபகரணத்தோடு, பிசிடியைக் காலியாக்கிவிட்டு, சாதாரணமாக ஒரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக நில்லுங்கள். கண் மட்டத்தில் தண்ணீர் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) இருக்கும்போது இதைப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் காற்றின் எடையே சுமார் 2.7 கிலோ, டைவ் முடிவில் அதில் பெரும்பகுதி உங்களிடம் இருக்காது. நிறைந்த சிலிண்டரோடு பார்த்தால் ஏறத்தாழ 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். கடலில் பார்த்த கணக்கு ஏரிக்குப் பொருந்தாது. நன்னீரில் மிதப்பு குறைவு, இரண்டு மூன்று கிலோ குறைக்க வேண்டியிருக்கும். புது நியோப்ரீன் நன்றாக மிதக்கும், முப்பது நாற்பது டைவ் ஆனபின் மறுபடி ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பழைய உடுப்பு வாங்கலாமா?

தாராளமாக. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி விடுங்கள். உடனே பழைய தடிமனுக்குத் திரும்பினால் உயிர் இருக்கிறது. அட்டைபோல விறைத்திருந்தாலோ, அழுத்திய பள்ளம் அப்படியே நின்றாலோ, குமிழிகள் உடைந்துவிட்டன. தோள், முழங்கால், முழங்கை மடிப்புகளில் வெடிப்பு, ஜிப்பின் பல், தையல் மூன்றையும் பாருங்கள்.

எனக்கு ரப்பர் ஒவ்வாமை உண்டு.

நியோப்ரீனும் இயற்கை ரப்பரும் வேறு வேறு. லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை இருப்பவர்களில் பலர் நியோப்ரீனைப் பிரச்சினையில்லாமல் போடுகிறார்கள். ஆனால் நியோப்ரீனைப் பதப்படுத்தவும் ஒட்டவும் பயன்படுத்தும் சில ரசாயனங்கள், குறிப்பாகத் தயோயூரியா வகை, சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும். இப்போது நியோப்ரீனுக்குப் பதில் இயற்கை ரப்பரில் செய்த உடுப்புகளும் வருவதால் வாங்கும்முன் எது என்று கேட்டுவிடுங்கள். தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொண்டால் எதைத் தவிர்ப்பது என்று தெளிவாகத் தெரியும்.

உள்ளேயே சிறுநீர் கழிக்கலாமா?

கேட்கக் கூச்சப்படுகிற கேள்வி, ஆனால் எல்லோருக்கும் வருவது. தண்ணீரில் மூழ்கும்போதும் குளிரிலும் ரத்தம் கை கால்களிலிருந்து நடுவுடலுக்கு நகரும். உடம்பு அதை நீர் அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகத்தை முடுக்கிவிடும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இறங்குவது தவறு, உடம்பில் நீர் குறைவது டைவிங்குக்கு நல்லதல்ல. சொந்த உடுப்பு என்றால் கவலைப்படாமல் கழியுங்கள், கழுத்தைத் திறந்து தண்ணீரை ஓடவிடுங்கள், அன்றே நன்றாக அலசுங்கள். வாடகை உடுப்பில் வேண்டாம், அடுத்தவர் போட வேண்டும்.

எப்படிப் பராமரிப்பது?

நன்னீரில் முக்கி உள்ளும் புறமும் அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், பசை விட்டுப்போகும். உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, நிழலில், காற்று வரும் இடத்தில் உலர்த்துங்கள். மெல்லிய கம்பி ஹேங்கரில் தோளால் தொங்கவிட்டால், நனைந்த உடுப்பின் கனம் தோளை இழுத்து நிரந்தரமாக மெலியவைத்துவிடும். அகலமான ஹேங்கர், அல்லது இடுப்பில் மடித்துப் போடுவது நல்லது. நன்றாகக் காய்ந்தபின்தான் எடுத்து வைக்க வேண்டும். மடித்து அடியில் அமுக்கி வைத்தால் மடிப்புக் கோட்டில் குமிழிகள் செத்துவிடும். ஜிப்புக்கு அவ்வப்போது மெழுகு.

சின்ன வெட்டு விழுந்தால் தள்ளிப் போடாதீர்கள். இடத்தைக் காயவைத்து, வெட்டின் இரு முகங்களிலும் நியோப்ரீன் பசையை மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, விளிம்போடு விளிம்பு பொருத்தி அழுத்துங்கள். ஓர் இரவு அப்படியே கிடக்கட்டும்.

ஆன்லைனில் வாங்கலாமா?

திருப்பி அனுப்ப முடியும் என்றால் வாங்கலாம். உயரம், எடை, மார்பு, இடுப்பு, இடுப்பெலும்புச் சுற்று, கழுத்து எல்லாவற்றையும் வேறொருவரை வைத்து அளந்து, அந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே விழுந்தால் மார்பு அளவை நம்புங்கள். வந்ததும் டேக்கை வெட்டாமல், உள்ளே நீச்சல் உடையோடு உலர்வாகவே போட்டு, மின்விசிறிக்குக் கீழே பதினைந்து நிமிடம் இருங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் எல்லா வெட்சூட்டும் இறுக்கமாகத்தான் தெரியும். பத்தாவது நிமிடத்திலும் மூச்சு சீராக வந்து, முதுகுக் குழியில் உள்ளங்கை நுழையாமல் இருந்தால் டேக்கை வெட்டலாம்.